ராணித் தேனீ யாருக்கும் ஆர்டர் போடுவதில்லை

போன மாதம் எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். கடைசி வருட பி.காம். மாணவர்கள் எல்லாரும் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் அட்டெண்டன்ஸ் கட். காலையில் ரெஸ்யூமே எழுதுவது எப்படி, இன்டர்வியூவில் உட்காருவது எப்படி எல்லாம் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பேச்சாளர் வந்தார். திரையில் பெரிய தேன்கூடு படம் ஒன்றைப் போட்டார்.

"ஒரு ராணி. முப்பதாயிரம் வேலைக்காரங்க. யாராவது எதிர்த்துக் கேள்வி கேக்குறாங்களா? லீவு கேக்குறாங்களா? ராணி சொல்றா, அவங்க செய்றாங்க. யாருக்கு எந்த வேலைன்னு இயற்கை பிறப்பிலேயே பிரிச்சு வச்சிருச்சு. இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா எந்தக் கம்பெனியிலயும் நீங்க நல்லா வருவீங்க."

பலத்த கைத்தட்டல். எனக்கு மட்டும் தட்டத் தோன்றவில்லை. காரணம், எங்கள் மாமா. மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருபது தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து லீவுக்குப் போனால் அந்தப் பெட்டிகளோடுதான் என் பொழுது போகும். கை தூக்கி ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடைசி வருடம், பிளேஸ்மெண்ட் நேரம், எதற்கு வம்பு என்று உட்கார்ந்துவிட்டேன். அது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை. காமர்ஸ் படிக்கிற பொண்ணுக்குத் தேனீயோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள், கணக்குப் பாடமும் உள்ளே வருகிறது :)

முதலில் "ராணி" என்ற பெயரே ஒரு விபத்து. பழைய காலத்தில் ஐரோப்பாவில் கூட்டின் தலைவரை "ராஜா" என்றுதான் சொன்னார்கள். அரிஸ்டாட்டில் அப்படித்தான் எழுதினார். இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்ற பாதிரியார் 1609-இல் புத்தகம் போட்டு, அது ராஜா இல்லை, ராணி என்றார். அதே நூற்றாண்டில் டச்சுக்காரர் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்து உள்ளே சினைப்பை இருப்பதைக் கண்டார். அதாவது அவர் கண்டது ஒரு அம்மாவை. ஆனால் அரச குடும்பத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நம்மூரிலும் ராணித் தேனீ, வேலைக்காரத் தேனீ என்றே பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். பெயரைக் கேட்டவுடன் சிம்மாசனமும் செங்கோலும் மனதில் வந்துவிடுகின்றன. மாமா இதை ஒரே வரியில் சொல்வார்: "ராணி ஈ அதிகாரம் ஒண்ணும் பண்ணாது மக்களே. அது முட்டை போடும், மத்தத எல்லாம் மத்ததுவ பாத்துக்கிடும்."

அப்படியானால் ராணி ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. மணக்கிறது.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காலின் பட்லர் (இவர் வேறு பட்லர்!) 1950களில் இதைத் துருவ ஆரம்பித்தார். ராணியின் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு பொருளை வேலைக்காரத் தேனீக்கள் நக்கியும் உணர்கொம்பால் தொட்டும் எடுத்துக் கூடு முழுக்கப் பரப்புகின்றன. 9-ஆக்சோ-2-டெசினாயிக் அமிலம் என்று அதற்குப் பெயர், பரீட்சைக்கு வராது, மறந்துவிடலாம். அந்த ஒரு பொருள் மட்டும் போதாது, ஐந்து பொருள் சேர்ந்த கலவை வேண்டும் என்று 1988-இல் கனடாவில் ஸ்லெசர், வின்ஸ்டன் குழுவினர் காட்டினார்கள். 2003-இல் இன்னும் நான்கு பொருள் சேர்ந்தது. இது போக ராணியின் முதுகுப் பக்கத்தில் சுரப்பி, கால் நுனியில் சுரப்பி, கொடுக்குப் பக்கத்தில் டூஃபோர் சுரப்பி என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ராணி அடையின் மேல் நடந்து போனாலே கால் பட்ட இடத்தில் மணம் ஒட்டுகிறது. அந்தக் கால் மணமும் தாடை மணமும் சேர்ந்து இருக்கிற இடத்தில் வேலைக்காரத் தேனீக்கள் புது ராணிக்கான அறை கட்டத் தொடங்குவதில்லை.

வேலைக்காரத் தேனீக்கும் சுரப்பிகள் உண்டு. வால் பக்கம் இருக்கும் நாசனோவ் சுரப்பியின் மணம் எலுமிச்சை மாதிரி. பெட்டியை இடம் மாற்றி வைத்தால் வாசலில் சிலது வாலைத் தூக்கி, சிறகை விசிறிக்கொண்டு நிற்கும். "வீடு இங்கே இருக்கு" என்று அர்த்தம். கொட்டினால் வரும் மணம் பழுத்த வாழைப்பழம் மாதிரி, அதைக் கேட்டு மற்றதும் கொட்ட வரும். ஒரு கொட்டு வாங்கியவுடன் "ஓடிப் போயி கைய கழுவு மக்களே" என்று மாமா விரட்டுவது இதனால்தான்.

இவ்வளவு மணங்களில் எதுவும் "நீ போய் இதைச் செய்" என்று ஆள் ஆளாகப் பிரித்து உத்தரவு போடுவதில்லை. பூ எங்கே இருக்கிறது, எத்தனை பேர் போக வேண்டும், எந்தப் புழுவுக்கு ஊட்ட வேண்டும், இது எதையும் ராணி முடிவு செய்வதில்லை. கூட்டம் பிரிந்து போகும்போது புது வீடு எது என்பதைக்கூட வேவு பார்க்கப் போன தேனீக்கள் ஆடி ஆடி முடிவு செய்கின்றன. ராணி பின்னாலேயே போகும்.

சரி, முட்டை விஷயத்துக்கு வருவோம். ராணியின் மணம் இருக்கும் வரை வேலைக்காரத் தேனீக்களின் சினைப்பை பெரும்பாலும் சுருங்கியே இருக்கிறது. ராணி போய்விட்டால் சிலவற்றுக்கு அது விரிந்து முட்டை போட ஆரம்பிக்கின்றன. இணை சேராததால் அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். கருவுறாத முட்டை ஆணாகும் என்பதை 1845-இலேயே ஜெர்சோன் என்ற பாதிரியார் சொல்லிவிட்டார். அப்படியானால் ராணி தன் மணத்தால் மற்ற எல்லாரையும் மலடாக்கி அடக்கி வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நம் பேச்சாளர் சொன்னது சரிதானே?

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். லைப்ரரியில் உட்கார்ந்து படித்தபோதுதான் 1993-இல் கெல்லர், நோனாக்ஸ் என்ற இருவர் எழுப்பிய கேள்வி தெரிந்தது. ராணியின் மணம் கட்டுப்பாடா, தகவலா? வெறும் ரசாயனக் கட்டுப்பாடு என்றால், அதிலிருந்து தப்பிக்கும் தேனீ தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்க வேண்டும். லட்சக்கணக்கான வருடமாக எல்லாம் ஏமாந்துகொண்டே இருப்பது கஷ்டம். ஆகவே அந்த மணம் ஒரு செய்தி என்றார்கள்: "நான் இருக்கிறேன், நன்றாக முட்டை போடுகிறேன்." அதைக் கேட்டு என்ன செய்வது என்பது வேலைக்காரத் தேனீயின் லாபக் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், காமர்ஸ்காரர்களுக்குப் பிடிக்கும். ஒரு வேலைக்காரத் தேனீக்குத் தன் சொந்த மகனோடு உள்ள ரத்த உறவு 50 சதவீதம். ராணியின் மகன், அதாவது தம்பி, 25 சதவீதம். ஒரே அப்பாவுக்குப் பிறந்த சகோதரியின் மகன் 37.5. வேறு அப்பாவுக்குப் பிறந்த சகோதரியின் மகன் 12.5 மட்டும்தான். ராணி பறக்கப் போகும்போது ஒரு ஆணோடு நிறுத்துவதில்லை, பத்துப் பன்னிரண்டு, அதற்கு மேலும் இணை சேருகிறது. பத்து அப்பா என்று வைத்துக்கொண்டால் சகோதரிகளின் மகன்கள் சராசரியாக 15 சதவீத உறவுதான். ஆகவே ஒவ்வொரு வேலைக்காரத் தேனீக்கும் மனதுக்குள் (அப்படி ஒன்று இருந்தால்) ஆசை வரிசை இப்படி: முதலில் என் மகன், அடுத்து அம்மாவின் மகன், கடைசியில் அக்கா தங்கையின் மகன். தன் முட்டையை வைக்க ஆசை, பக்கத்தில் இருப்பவள் வைத்தால் பொறுக்காது.

அதனால் என்ன நடக்கிறது? ராணியின் மணம் கூட்டில் இருக்கும்போதே சில வேலைக்காரிகள் திருட்டுத்தனமாக முட்டை வைக்கின்றன. ஐரோப்பியத் தேனீயில் பார்த்தபோது ஆண் முட்டைகளில் ஏறக்குறைய 7 சதவீதம் அப்படி வைத்தவை. ஆனால் வளர்ந்து வெளியே வரும் ஆண்களில் ஆயிரத்தில் ஒன்றுதான் வேலைக்காரியின் மகன். நடுவில் மற்றதெல்லாம் எங்கே போயிற்று? மற்ற வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிட்டன! ராணி வைத்த முட்டை எது, மற்றவள் வைத்தது எது என்று பிரித்தறிந்து தின்கின்றன. 1989-இல் ராட்னீக்ஸ், விஷர் இருவரும் இதைச் சோதனையில் காட்டி, போலீஸ் வேலை என்றே பெயர் வைத்தார்கள். ராணிக்கு இதில் பங்கே கிடையாது. 2006-இல் வென்சலீர்ஸும் ராட்னீக்ஸும் குளவிகளையும் தேனீயையும் சேர்த்துப் பத்து இனங்களை ஒப்பிட்டபோது, போலீஸ் எங்கே கறாராக இருக்கிறதோ அங்கேதான் முட்டை போட முயலும் வேலைக்காரிகள் குறைவு என்று தெரிந்தது. கூட்டின் ஒழுங்குக்கு ராஜபக்தியைவிட பெரிய காரணம், சமமானவர்கள் ஒருவரையொருவர் கண்காணிப்பது.

விதிவிலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு பெட்டியில் ராணி இருக்கும்போதே வேலைக்காரிகளின் மகன்கள் ஏராளமாக வளர்ந்துகொண்டிருந்ததை 1994-இல் ஓல்ட்ராய்டு குழுவினர் எழுதினார்கள். தலைப்பிலேயே "அராஜகம்" என்று போட்டார்கள். நம்மூர் அடுக்குத் தேனீயிலும் ராணி இருக்கும்போதே சினைப்பை விரிந்த வேலைக்காரிகள் ஐரோப்பியத் தேனீயைவிட அதிகம். ராணி போனால் இவை முட்டைக்குத் தயாராவதும் சீக்கிரம்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். போன மழைக்காலத்தில் மாமாவின் ஒரு பெட்டியில் ராணி காணாமல் போனது. மூடியைத் திறக்கும் முன்பே, "சத்தம் மாறிப்போச்சு பாத்தியா" என்றார். வழக்கமான முனகல் இல்லை, ஒரு மாதிரி இரைச்சல். அடையைத் தூக்கிப் பார்த்தால் ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, சிலது அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு. வேலைக்காரிக்கு வயிறு குட்டை, அடி எட்டாது. "எல்லாரும் ராணி ஆயிட்டாளுவ, இனி தேன் கெடைக்காது" என்றார். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது அடையில்தான் நிலக்கடலை மாதிரி தொங்கும் ராணி அறை கட்டின. அதற்கு அர்த்தம் பிறகு படித்தபோது புரிந்தது. புழுக்களுக்கும் ஒரு மணம் உண்டு, அதுவும் வேலைக்காரிகளின் சினைப்பையை அடக்கும். அதாவது "முட்டை போடாதே" என்று சொல்வதில் ராணியைவிட தொட்டில் பிள்ளைகளுக்குப் பங்கு குறைவில்லை.

இனி "பிறப்பிலேயே பிரித்து வைத்தது" என்ற வசனம். என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது இதுதான். இந்த வாக்கியத்தை நம் ஊரில் யார் யாருக்கு எதிராக எத்தனை காலமாகச் சொல்லி வந்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் தேனீயை அதற்குச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மாமாவின் பெட்டியில் அந்த மூன்றாவது அடை வேறு பெட்டியிலிருந்து வந்தது. அங்கேயே இருந்திருந்தால் அந்தப் புழு வேலைக்காரி ஆகியிருக்கும். இங்கே அறையைப் பெரிதாக்கி, அரசகூழைத் தொடர்ந்து ஊட்டினார்கள், ராணி ஆனது. முட்டை ஒன்றேதான். வித்தியாசம் சாப்பாடும் அறையும். அது மட்டுமா, ராணியின் மணத்தைச் செய்யும் அதே தாடைச் சுரப்பி வேலைக்காரிக்கும் இருக்கிறது. அவளிடம் அது புழுவுக்கு ஊட்டும் கூழில் சேரும் அமிலத்தைச் செய்கிறது. இரண்டும் ஒரே மூலப்பொருளிலிருந்து வருபவை, பிறகு பாதை பிரிகிறது என்று 1996-இல் கண்டுபிடித்தார்கள். ராணி இல்லாத கூட்டில் முட்டை போட ஆரம்பித்த வேலைக்காரியின் சுரப்பி ராணியின் மணத்தை நோக்கிச் சாய ஆரம்பிக்கிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். ராணியின் மணம் வெறும் நோட்டீஸ் போர்டு இல்லை. 2007-இல் நியூசிலாந்தில் செய்த ஆய்வில், அந்த மணத்திலேயே வளர்ந்த இளம் வேலைக்காரிகளால் ஒரு வாசனையை வலியோடு சேர்த்து நினைவில் வைக்க முடியவில்லை என்று தெரிந்தது. அதாவது கெட்ட அனுபவத்தைக் கற்றுக்கொள்ளும் திறனையே அது மட்டுப்படுத்துகிறது. ராணியின் பக்கத்திலேயே இருந்து ஊட்ட வேண்டியவர்களுக்கு ராணி மேல் வெறுப்பு வராமலிருக்க இது உதவலாம் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஆக முழுக்கச் சம்மதம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் வயதாகி வெளியே பறக்கத் தொடங்கும் தேனீக்களிடம் இந்தத் தடை காணப்படவில்லை. விந்து தீர்ந்து ராணி தடுமாற ஆரம்பித்தால், இதே வேலைக்காரிகள்தான் புது ராணியை வளர்த்து அம்மாவை ஓரம் கட்டுகிறார்கள். ராணியின் மணமே அவள் எப்படி இணை சேர்ந்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. எந்தக் கம்பெனியில் தொழிலாளர்கள் முதலாளியின் கணக்கை தினமும் மோந்து பார்த்து, சரியில்லை என்றால் மாற்றுகிறார்கள்? பேச்சாளர் இந்தப் படத்தை ஏன் போடவில்லை?

எனக்கு இது ஆடிட் பாடம் மாதிரி தெரிகிறது. ராணியின் மணம் ஒரு பேலன்ஸ் ஷீட். அது உண்மையாக இருக்கும் வரைதான் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து வேலை செய்வதில் லாபம் இருக்கிறது. அது பொய்யானால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் தெற்கு முனையில் கேப் தேனீ என்று ஒரு வகை. இதன் வேலைக்காரிகள் இணை சேராமலேயே பெண் முட்டை போடக்கூடியவை. 1990-இல் தேனீ வளர்ப்பவர்கள் இந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றி வடக்கே, வேறு வகைத் தேனீ இருக்கும் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். கேப் வேலைக்காரிகள் பக்கத்துப் பெட்டிகளுக்குள் புகுந்தன. உள்ளே போனதும் ராணியின் மணத்தைப் போலவே மணக்க ஆரம்பித்தன. வீட்டுக்காரத் தேனீக்கள் ராணி என்று நம்பி ஊட்டின. போலீஸும் அவற்றின் முட்டையைத் தின்னவில்லை. உண்மை ராணி போயிற்று. பிறந்ததெல்லாம் கேப் தேனீயின் நகல். அவை பூவுக்குப் போவதில்லை, புழுவைக் கவனிப்பதில்லை, உட்கார்ந்து முட்டை மட்டும் போடும். கடைசியில் கூடே அழிய, அடுத்த பெட்டிக்குப் போகும். ஆயிரக்கணக்கான பெட்டிகள் இப்படிப் போயின. பரவிய அத்தனையும் ஒரே ஒரு வேலைக்காரியின் வாரிசுகள் என்று பிறகு மரபணுவை வைத்துக் கண்டார்கள்.

2009 ஜனவரியில் சத்யம் கம்பெனி விவகாரம் வெடித்தபோது, வங்கியில் இருப்பதாகக் கணக்கில் காட்டிய 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று தெரிந்ததை எங்களுக்கு ஆடிட் வகுப்பில் நடத்தினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. கேப் தேனீ புகுந்த பெட்டியில் இருந்தவையும் சோம்பேறிகள் இல்லை, கடைசி வரை ஊட்டிக்கொண்டுதான் இருந்தன. உழைப்பு, டிசிப்ளின் எல்லாம் இருந்தது. தலைமையிடமிருந்து வந்த செய்தி மட்டும் பொய்.

இதற்காக "தேனீயிடமிருந்து ஜனநாயகம் கற்போம்" என்று நான் இன்னொரு ஸ்லைடு போடப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் முட்டையைத் தின்பது ஜனநாயகம் ஆகாது. தேனீ தன் ரத்தக் கணக்கைப் பார்க்கிறது, அவ்வளவுதான். நமக்குப் பாடம் நடத்த அது பிறக்கவில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்காமல் கீழ்ப்படியுங்கள் என்று எங்களிடம் சொல்ல வேண்டுமானால் உங்கள் சொந்தப் பொறுப்பில் சொல்லுங்கள். தேனீ மேல் பழியைப் போடாதீர்கள். தேன்கூட்டில் எல்லாரும் எல்லாரையும் மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ராணி உட்பட. கேள்வி கேட்காத ஒரு நிமிஷம்கூட அங்கே கிடையாது.

அன்று ஹாலில் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தது தேனீக்கள் இல்லை. நாங்கள்தான், நானும் சேர்த்து. அடுத்த மாதம் இன்னொரு பயிற்சி இருக்கிறதாம். இந்தத் தடவை முதல் வரிசையில் உட்காருவதாக இருக்கிறேன்.

பி.கு: மாமாவிடம் இதையெல்லாம் போனில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் மக்களே, பரீட்சைக்குப் படிச்சியா?" என்றார்.